போர்டு இருந்தா டாக்டர் இருப்பாரு

இன்சூரன்ஸ் ஆபீசுல புதுசா சேர்ந்திருக்கிற பொண்ணுங்களே, நான் ரெண்டாவது வரைக்கும்தான் படிச்சேன். மூணாவதுல வாத்தியார் சேத்துக்கல. நான் பேசினா அவரால பேச முடியலயாம்.

1. ஆபீஸ் மூடினது

சுவாவுல ஒரு வக்கீல் ஆபீசுல டீ போட்டுக்கிட்டிருந்தேன். நவுசோரியிலேருந்து தினம் பஸ்ஸு. நம்ம தீவுல பட்டாளம் ஆட்சியப் புடிச்சதும் வக்கீலய்யா வெளிநாட்டுக்குப் பொட்டி கட்டிட்டாரு. "ஆன்ட்டி, இந்த மாசத்தோட ஆபீஸ் குளோஸ்." ஆபீஸ் போட்ட மெடிக்கல் இன்சூரன்ஸும் அதோட போச்சு.

ஆக்லாந்துலேருந்து மவன் போன் போட்டான். "அம்மா, நீ தனியா இருக்கே. ஒடம்பு முடியலன்னா யாரு பாப்பா? இன்சூரன்ஸ் இல்லன்னா டிக்கெட் போட்டுடுவேன்."

"அந்தக் குளிருல வந்து ஐஸ்பொட்டி மீனாட்டம் கெடக்கவா? ரெண்டு மாசம் குடுடா. நானே எடுத்துக் காட்டறேன்."

2. சிப்ஸ் வித்த கிளினிக்

மூணு இன்சூரன்ஸ் கம்பெனி பேப்பரு வாங்கினேன். எந்தெந்த டாக்டர்கிட்ட போலாம்னு ஒவ்வொண்ணுலயும் லிஸ்ட் இருக்கும். பக்கத்து வீட்டு சரோஜாவ படிக்கச் சொல்லி, பேரையும் தெருவையும் மனசுல போட்டுக்கிட்டு பஸ் ஏறினேன்.

மொத கம்பெனிதான் சல்லிசு. அவங்க சொன்ன கிளினிக்குல எண்ணெ கொதிக்குது. "புலா, ஆன்ட்டி!"ன்னு வணக்கம் சொன்னான் கடக்காரன். "டாக்டர் சிட்னி போயிட்டாரு. சிப்ஸ் வேணுமா?" வாங்கித் தின்னேன், நல்லாத்தான் இருந்துச்சு. ஆறு டாக்டருல நாலு பேரு போர்ட கழட்டிட்டுப் பறந்துட்டாங்க.

ஏஜெண்ட கேட்டேன். "அது பழைய லிஸ்ட்டு ஆன்ட்டி."

"பேப்பருல இருக்கிற டாக்டரு எறங்கி வந்து ஊசி போடுவாரா?"

ரெண்டாவது கம்பெனி அறுவது வயசானா கழட்டி விட்டுடும். எனக்கு அம்பத்தெட்டு. அதையும் மடிச்சு வச்சேன்.

3. தீ மிதிச்சத எழுதினது

மூணாவதுல காசு கூட. ஆனா ஒரு போர்டுதான் காணோம். அங்கிருந்த பொண்ணு பாரத்தப் படிச்சா. "ஆபத்தான காரியம் ஏதாச்சும் செய்யறீங்களா, ஆன்ட்டி?"

"வருஷா வருஷம் மாரியம்மன் கோயில்ல தீ மிதிப்பேன்."

அவ பேனா நின்னுடுச்சு. "இத விட்டுடலாமே?"

"எழுதும்மா. நாளைக்கு நான் பொய் சொன்னேன்னு நீங்க காசு தரலன்னா, மவன் வந்து தூக்கிட்டுப் போயிடுவான்."

மேனேஜர் வந்தாரு. "தீக்காயத்துக்கு மட்டும் பணம் கெடயாது, ஆன்ட்டி."

"என் கால மாரியம்மா பாத்துக்குவா. மேல இருக்கிறத நீ பாரு."

சிரிச்சிட்டாரு. இல்லாத டாக்டர் ஒருத்தரு உங்க லிஸ்ட்டுலயும் இருக்காருன்னு நான் சொன்னதும் சிரிப்பு நின்னுடுச்சு. மறுவாரம் பாலிசியும் வந்துச்சு, அங்கயே வேலயும் போட்டுக் குடுத்தாரு. டீ போடணும், மாசா மாசம் போய் லிஸ்ட்டுல இருக்கிற டாக்டருங்க போர்டு பாத்துட்டு வரணும்.

4. என் டாக்டரு

நாலு வருஷம் கழிச்சு பித்தப்பையில கல்லு. கிளெய்ம் பாக்கற ஆளு பாரத்த வரி வரியா தடவிப் பாத்தாரு, ஒளிச்சது ஒண்ணும் ஆம்புடல. முழுப் பணமும் வந்துச்சு. ஆபரேஷன் பண்ண டாக்டரு தங்கமான மனுஷன். மூணு மாசத்துல அவரும் போர்ட கழட்டிட்டாரு.

மவன் போன். "அம்மா, ஒன் டாக்டரே இங்க வந்துட்டாராம். நீ எப்ப வர்றே?"

அதனால சொல்றேன் பொண்ணுங்களா, வர்றவங்ககிட்ட வெலய சொல்றதுக்கு முன்னாடி போர்ட பாத்துட்டு வாங்க. அன்னிக்கு மவன் போன்ல கேட்டுக்கிட்டிருக்கப்பவே நான் லிஸ்ட்ட எடுத்து அந்த டாக்டரு பேருமேல சிவப்புக் கோடு போட்டேன்.

"டேய், அவரு பேரத்தான் அடிச்சிருக்கேன். என் பேரு அப்படியே இருக்கு. போன வையி, பஸ் வந்துடும்."