தொன்னா அசுந்தாவின் உச்ச ஸ்வரம்

நெத்திலியின் செவுளைப் பிளந்து பார்த்துவிட்டு தொன்னா அசுந்தா ககாச்சே மூக்கைப் பொத்திக்கொள்கிறார். மீன்காரர் கத்தெல்லோ நெஞ்சில் அடித்துக்கொள்கிறார். "விடியக்காலைல வலையில துள்ளினதுங்க தொன்னா! செத்துப்போன எங்கப்பன் மேல சத்தியம்!" அம்மணி மூன்று விரலை நீட்டுகிறார்; பிறகு கட்டைவிரலால் எதிர்க்கடையைக் காட்டுகிறார். மூன்று நாள் பழசு, நான் அங்கே போகிறேன் என்று பொருள். இத்தாலியின் நாப்போலி நகரத்துப் பிஞ்ஞாசெக்கா சந்தையில் இதற்கெல்லாம் யாரும் உரை எழுத வேண்டியதில்லை.

ஓபரா என்னும் இசைநாடகத்தில் பாட மேடையேறும் நாளுக்கு முந்தைய நாள் முழுக்க அவர் வாய் திறப்பதில்லை. குரலுக்கு ஓய்வு கொடுக்கிறார், சண்டைக்கு அல்ல. ஊரார் மரியாதையாகத் 'தொன்னா' என்றழைக்கும், மற்ற நாள்களில் வாய் ஓயாத பெண்மணி, அன்று இரண்டு கைகளாலும் பேசித் தீர்ப்பார். கணவர் எத்தோரே ஒரு காலத்தில் மருந்துக்கடை வைத்திருந்தவர். "ஊருக்கெல்லாம் வருஷத்துல ஒரு ஈஸ்டர். எனக்கு அவ பாடுறப்பெல்லாம் ஈஸ்டர்" என்பார், மனைவியின் காதுக்கு எட்டாத தூரத்தில் நின்று. ஆனால் அந்த வாரம் வீட்டில் கத்தரிக்காய் நுழையக் கூடாது. ஊதா நிறம் மேடைக்கு ஆகாது. கத்தரிக்காய்க்கு உயிரை விடும் மனிதர், தங்கை வீட்டில் ரகசியமாகத் தின்றுவிட்டு, பல்லைத் துலக்கிக்கொண்டு வருவார்.

அசுந்தா இஸ்திரிக் கடைக்காரியின் மகள். ஆவி சீறும் சத்தத்தில் அம்மாவுக்குக் கேட்க வேண்டுமே என்று கத்திக் கத்தித்தான் தொண்டை திறந்தது என்பது அவருடைய கட்சி. தேவாலயக் கல்யாணங்களில் பாடினார். இசைப்பள்ளியில் சேர்ந்தபோது ஆசிரியை இரண்டு வருடம் பாட்டே சொல்லித் தராமல், மூச்சு விட மட்டும் சொல்லித் தந்தார். இருபத்தாறு வயதில், பெரிய பாடகி ஒருத்தி காய்ச்சலில் படுக்க, அவளுடைய தொளதொள உடுப்பை ஊக்கால் இழுத்துக் குத்திக்கொண்டு மேடையேறினார். அப்புறம் உலகம் முழுக்க அழைப்பு. வியன்னா எப்படி என்று கேட்டால், "காப்பி கழுநீர்" என்பார். டோக்கியோ? "மீன்காரன் யோக்கியன்." இதைக் கத்தெல்லோவின் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வார்.

அவர் பாடுவது இத்தாலியின் பழைய பெல் காந்தோ மரபு. அதில் கத்தினால் காரியம் ஆகாது. ஒரு ஸ்வரத்தை நூலாய் எடுத்து, பெருக்கி, மறுபடி நூலாக்கிப் பிசிறில்லாமல் கீழே வைக்க வேண்டும். புத்தி பேதலித்த மணப்பெண் வேடம் அவருக்கென்றே தைத்தது. அவள் பேதலித்துப் பாடும் காட்சியின் முடிவில் ஓர் உச்ச ஸ்வரம் வரும். இசையமைத்தவர் அதை எழுதவே இல்லை. பாடகிகள் தாங்களாகச் சேர்த்தது. ஆனாலும் நாப்போலிக்காரர்களுக்கு அது இல்லாத பாட்டு உப்பில்லாத பண்டம்.

போன குளிர்காலத்தில் வேறோர் ஊரில் அந்த ஸ்வரம் உடைந்தது என்று ஒரு பத்திரிகை எழுதியது. "பொறாமை புடிச்ச பய" என்றார் எத்தோரே. அரங்கின் மேல்மாட இருக்கையை எந்த நாளும் விட்டுக்கொடுக்காத கத்தெல்லோ, "தேவதை பாடினாப்ல இருக்குமே!" என்றார். அசுந்தாவுக்கே தெரியவில்லை. அந்த இடத்தில் வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து முழங்கும். தன் குரல் தன் காதுக்கே எட்டாது. ஐம்பத்தெட்டு வயதில் அந்த ஸ்வரம் இன்னும் தன்னிடம் இருக்கிறதா, அல்லது எல்லோரும் அன்பினால் பொய் சொல்கிறார்களா? இந்தக் கேள்வி அவரை அரித்தது. பயமாகவும் இருந்தது.

அப்படியொரு மௌன நாளில், வாத்தியக் குழுவை நடத்தும் பெல்ட்ராமோ சந்தைக்கே தேடி வந்துவிட்டார். வடக்கே டூரின்காரர், நல்ல மனிதர். "சிஞ்ஞோரா, எதுக்கு வம்பு? அந்த உச்ச ஸ்வரத்த நாளைக்கு விட்டுடலாமா?"

அம்மணி தாடையை வெடுக்கென்று மேலே வெட்டினார். நாப்போலியில் அதற்கு 'முடியவே முடியாது' என்று பொருள். டூரினில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. பெல்ட்ராமோ அதைச் 'சரி' என்ற தலையசைப்பாக எடுத்துக்கொண்டார். "ரொம்ப நன்றி! என் வயித்துல பாலை வார்த்தீங்க!" என்று அம்மணியின் கையை முத்தமிட்டுவிட்டுப் போனார். கத்தெல்லோ வாயைப் பிளந்தார். "முடியாதுன்னு சொன்னதுக்கு இவ்ளோ சந்தோஷப்படுற ஆம்பளைய நான் பாத்ததே இல்ல தொன்னா."

மறுநாள் அரங்கு நிரம்பி வழிந்தது. கடைசி அடி முடிந்து, அசுந்தா மூச்சை இழுத்து உச்சிக்கு ஏறினார். உச்ச ஸ்வரம் கிடையாது என்று நம்பியிருந்த வாத்தியக் குழு, கீழே படபடவென்று முடிவிசையை அடித்துவிட்டு நின்றது. பெல்ட்ராமோவின் கோல் அந்தரத்தில் நின்றது. முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. அந்தப் பெரிய அரங்கில் அசுந்தாவின் குரல் மட்டும் தன்னந்தனியாக நின்றது.

முப்பது வருடத்தில் முதன்முறையாக அந்த ஸ்வரத்தை அவர் தன் காதால் கேட்டார். அது இருந்தது. நன்றாகவே இருந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு சின்ன நடுக்கம். வேறு யாருக்கும் கேட்டிருக்காது. மூச்சையே படித்தவருக்கு அது கேட்காமல் இருக்குமா? அவர் அவசரப்படவில்லை. நடுக்கம் விரிசலாவதற்குள் அதைக் குறைத்துக் குறைத்து, நூலாக்கிக் கீழே வைத்தார்.  அப்புறம் மேல்மாடம் இடிந்து விழுவதுபோல் ஆர்ப்பரித்தது.

காலைப் பத்திரிகைகள், வாத்தியங்களை நிறுத்தக் கட்டளையிட்ட பெல்ட்ராமோவின் துணிச்சலைப் போற்றின. அவர் கூச்சத்தோடு ஏற்றுக்கொண்டார்.

சந்தையில் அசுந்தாவின் வாய் மறுபடி திறந்துவிட்டது. "அந்த டூரின்காரனுக்குக் கையாட்டத்தான் தெரியும், தலையாட்டத் தெரியாது! தாடை மேல போனா என்னன்னு நம்ம ஊரு கைக்கொழந்தைக்குக்கூடத் தெரியுமேய்யா!" கடை கடையாகச் சிரித்தார்கள். பேசிக்கொண்டே நெத்திலியை முகர்ந்தார், எடையைக் குறை சொன்னார், கத்தெல்லோவின் அப்பன் மேலிட்ட சத்தியத்தை இழுத்தார்.

கத்தெல்லோ காகிதத்தைச் சுற்றியபடி கேட்டார்: "அடுத்த வருஷமும் அந்த உச்ச ஸ்வரம் உண்டுதான, தொன்னா?"

அன்று மௌன நாள் இல்லை. தொன்னா அசுந்தா கூடையைக் கீழே வைத்தார். இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று, மாவைத் தட்டிவிடுவதுபோல், இரண்டு தடவை தட்டி, வெறுங்கைகளை விரித்துக் காட்டினார். தீர்ந்தது, இனி இல்லை என்று பொருள்.