நானூற்றுப் பதினேழு, இரண்டு தடவை

மலேசியாவின் கிள்ளான் துறைமுகம் போகும் சாலையில் ஒரு கன்டெய்னர் கிடங்கு. அதன் வாசல் கூண்டில் உட்கார்ந்து, உள்ளே வரும் ஒவ்வொரு லோரியின் கன்டெய்னர் எண்ணையும் பதிவதுதான் இருபத்திரண்டு வருடமாக ஹாஜிராவின் வேலையாக இருந்தது. முன்னால் உள்ள எழுத்துகளை அவள் பொருட்படுத்துவதில்லை. பின்னால் வரும் ஆறு இலக்கங்கள்தான் அவளுக்கு. அடுத்த லோரி வருவதற்குள், அந்த எண்ணை எதெது மீதமில்லாமல் வகுக்கும் என்று துண்டுத்தாளில் போட்டுப் பார்ப்பாள். படித்தது மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரை. இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை, தந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

அவள் கணவர் அத்னானும் லோரி ஓட்டுபவர்தான். "நம்பர்ல அப்படி என்னதான் இருக்கு உனக்கு?" என்று கேட்பார்.

"உடைச்சுப் பார்த்தாத்தானே தெரியும்" என்பாள்.

போன ஏப்ரலில், காலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். பக்கவாதம். இரண்டு வாரத்தில் வலது கை அசைந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. பேச்சுப் பயிற்சி தரும் தாமரை என்ற பெண், கோப்பை, குடை, பூனை என்று படங்களைக் காட்டினாள். ஹாஜிராவுக்கு எல்லாம் தெரிந்தது, சொல்தான் கிடைக்கவில்லை. ஒருநாள் படங்களைக் கவிழ்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இருபத்தாறாம் நாள் மதியம், வேலையிலிருந்து நேராக வார்டுக்கு வந்த அத்னானுக்குப் பேச விஷயமே இல்லை. சட்டைப் பையில் கிடந்த அன்றைய சரக்குச் சீட்டை எடுத்தார்.

"இன்னிக்கு ஏத்துன பெட்டியப் பாரு. நாலு ஒண்ணு ஏழு, மறுபடியும் நாலு ஒண்ணு ஏழு. ஒரே மாதிரி லா."

அவள் திரும்பினாள். உதடு அசைந்தது.

"ஏழு."

தான் சொன்னதையே திருப்பிச் சொல்கிறாள் என்று நினைத்தார்.

"பதினொண்ணு" என்றாள். சற்று நேரம் கழித்து, "பதிமூணு."

பக்கத்துக் கட்டிலருகே நின்ற தாமரை ஓடி வந்து கைப்பேசியில் வகுத்துப் பார்த்தாள். "அங்கிள், மூணு நம்பராலயும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வகுத்தா நானூத்திப் பதினேழே திரும்பி வருது!"

எந்த மூன்று இலக்க எண்ணை இரண்டு தடவை எழுதினாலும் அது ஆயிரத்தொன்றின் மடங்குதான். ஏழையும் பதினொன்றையும் பதின்மூன்றையும் பெருக்கினால் ஆயிரத்தொன்று. கூண்டில் உட்கார்ந்து ஹாஜிரா என்றோ கண்டுபிடித்தது அது.

அவள் இன்னும் முடிக்கவில்லை, மீதி நானூற்றுப் பதினேழு இருந்தது. "மூணு... நூத்தி முப்பத்தொம்பது" என்றாள். பிறகு உள்ளங்கையைப் போர்வைமேல் தட்டையாக வைத்து, "உடையாது" என்றாள்.

நூற்று முப்பத்தொன்பதை வேறெதுவும் வகுக்காது. ஆனால் அவள் கடைசியாகச் சொன்னது எண் அல்ல, சொல். அத்னான் சீட்டால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதார்.

அதன்பின் தினமும் ஓர் எண் கொண்டுவந்தார். தாமரையும் எண்ணில் தொடங்கி மெல்லச் சொல்லுக்கு நகர்த்தினாள். அவள் வாயில் குடை சில நாள் கடையானது, கோப்பை கோழியானது. கூண்டு வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டார். அதைக் கேட்ட நாளில் அத்னான் கொண்டுவந்த எண்ணை அவள் உடைக்கவில்லை.

ஆகஸ்ட் மாதம் ஒரு பிற்பகல், ஹாஜிரா வீடு திரும்பியிருந்தாள். வழியில் கடையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு அத்னான் வீட்டுக்குள் நுழைந்தார். சமையலறையிலிருந்து அவள் குரல் வந்தது, தெளிவாக.

"சாப்டீங்களா?"

"இல்லையே" என்று சொல்லிவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.