அண்ணன் திறக்காத மதகு

முந்தலில் பிறந்து, முந்தலிலேயே வாழ்ந்து, தன் இறால் குளத்தின் வரம்பிலேயே நெஞ்சுவலியில் சாய்ந்துபோன எங்கள் அண்ணனின் முப்பத்தோராம் நாளில் இந்த நினைவு மலர் உங்கள் கைகளில் இருக்கிறது. நல்லதை மட்டும் எழுதும்படி வீட்டில் சொன்னார்கள். அண்ணனைப் பற்றி எழுத என்னிடம் நல்லது மட்டும்தான் இருக்கிறது. மற்றவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

அம்மா இறந்தபோது எனக்கு ஆறு வயது, அண்ணனுக்குப் பதினாறு. படிப்பை விட்டுவிட்டு அப்பாவோடு குளத்தில் இறங்கினார். எனக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பியவரும் அவர்தான்; பின்னல் எப்போதும் ஒரு பக்கம் சரிந்தே இருக்கும். வெளிநாடு போகச் சொல்லி அப்பா இரண்டு முறை பாஸ்போட் எடுத்துக் கொடுத்தார். இது உருப்படாத நாடு என்பது எங்கள் வீட்டில் காலைத் தேநீரோடு வரும் பேச்சு. அண்ணன் எதிர்த்துப் பேச மாட்டார். பாஸ்போட்டை அலுமாரியில் வைத்துவிட்டுக் குளத்துக்குப் போய்விடுவார்.

அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு அருவருப்பு. எங்கள் பக்கத்துக் குளங்கள் எல்லாம் ஒரே வாய்க்காலில்தான் தண்ணீர் எடுக்கின்றன. இறாலுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் மதகை மூடி, குளோரின் போட்டு, செத்த இறாலைப் புதைக்க வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் வழக்கம் வேறு. மதகைத் திறந்து தண்ணீரை வடித்து, மிஞ்சியதை அள்ளி விற்றுவிடுவார்கள். நோய் அடுத்தவன் குளத்துக்குப் போகும். கேட்டால், நாடே நாறிக் கிடக்கிறது, எங்கள் தண்ணீரா பெரிது என்பார்கள். நாற வைத்தவர்கள் சொல்லும் நியாயம் அது.

போன வருடம் எங்கள் குளத்தில் நோய் கண்டதும் அப்பா மதகுப் பலகையைத் தூக்கப் போனார்.

"நாங்க மட்டும் மூடி வெச்சா நாடு திருந்திருமா?"

"நாடு திருந்துதோ இல்லையோ, பக்கத்துக் குளம் தப்பும் அப்பா" என்று அண்ணன் பலகையின் மேல் ஏறி நின்றுகொண்டார். மூன்று நாள் தனியாகவே அள்ளிப் புதைத்தார். எத்தனை முறை குளித்தும் அந்த நாற்றம் அவரை விட்டுப் போகவில்லை. எதிர்க்கரையில் பண்ணை வைத்திருக்கும் மதுரங்குளிக்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர், அதைப் பார்த்துச் சிரித்தார். இரண்டு மாதம் கழித்து அவர் குளத்தில் நோய் வந்தது, அவர் திறந்துவிட்டார். நாங்கள் புதிதாக விட்ட இறால் குஞ்சுகள் செத்தன. அண்ணன் மறுபடியும் மதகை மூடினார். அப்பா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

செத்த வீட்டிலும் பெரியவர்கள் பந்தலில் கதிரை போட்டு அதே கதையைத்தான் கதைத்தார்கள். இந்த நாட்டில் இருந்ததால்தான் அவன் செத்தான் என்றார் ஒருவர். சொல்லிக்கொண்டே, குடித்த பிளாஸ்டிக் கோப்பையை வாய்க்காலில் எறிந்தார். அவர் யாரென்று அவருக்குத் தெரியும்.

இருந்தும் நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். சோறு சமைத்துத் தந்த அயலவர்கள், பந்தல் போட்டவர்கள், அண்ணனைச் சுமந்தவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

எதிர்க்கரை நானா சவப்பெட்டி மூடும் நேரத்துக்குத்தான் வந்தார். முழங்கால் வரை சேறு. விடியும்போது தன் குளத்தில் இறால் செத்து மிதந்ததாகச் சொன்னார். திறந்துவிட்டுத்தான் வந்திருப்பார் என்று நினைத்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"மதகெ மூடிட்டு வர நேரமாகிட்டு தங்கச்சி" என்றார். "இன்டைக்கும் தொறந்து விட்டுட்டு வந்தா இவர்ட முகத்தப் பார்க்க ஏலாது."

அப்பாவும் பக்கத்தில் நின்று கேட்டார். அண்ணன் அந்த வார்த்தையைக் கேட்காமலே போய்விட்டார்.

முதல் நன்றி நானாவுக்கு.