பத்துக்கு அரை

சர்க்கரை வந்து ஆறு வருடமாகியும் என் கால் நரம்பை யாரும் சோதித்ததில்லை. உப்பளத்துக் கிளினிக்குக்குப் புதிதாக வந்த டாக்டரம்மா அந்தக் குறையைத் தீர்த்துவைக்க முடிவு செய்தார். பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்த்திருப்போமே, இசைக்கவை, அதைத் தட்டி அதன் காம்பை என் கால் கட்டைவிரலில் வைத்தார்.

"அதிர்வு எவ்ளோ வலுவா இருக்கு சார்? பத்துக்கு மார்க் போடுங்க."

யோசித்து, நேர்மையாகப் போட்டேன். "அரை."

அவர் முகம் மாறியது. அடுத்த கால். "அதே அரைதாங்க." பேனா மளமளவென்று ஓடியது. "கையையும் பாத்துடலாம்" என்று ஆள்காட்டி விரலில் வைத்தார்.

"முக்கால்."

"கையிலயுமா?" என்றார் டாக்டர். அவ்வளவுதான், எனக்கு வியர்த்துவிட்டது.

தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் இருபத்தைந்து வருடமாக எனக்குச் சோறு போடுவது இந்தக் கை. ஓடுகிற மோட்டாரின் பேரிங் மூடிமேல் விரலை வைத்து, இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்கிற ஃபிட்டர் நான். விரல் செத்துப்போனால் என்னை யார் உள்ளே விடுவார்கள்? அரை நிமிடத்தில் நான் வேலையை இழந்து, அதே கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாகி, டூட்டியில் தூங்கி மாட்டிக்கொண்டும் விட்டேன். சட்டென்று பக்கத்திலிருந்த மனைவியின் கையைப் பிடித்தேன்.

"இன்னாங்க, நாடி பாக்குறீங்களா?"

"நடுங்குறது உன் கையா, என் கையா?"

"உங்களுதுதான். நான் செவனேன்னு உக்காந்துனு இருக்கேன்."

நடுக்கமாவது தெரிகிறதே! எழுந்து போய், மூலையில் உறுமிக்கொண்டிருந்த மருந்து ஃப்ரிட்ஜின்மேல் உள்ளங்கையை வைத்தேன். கை தானாகவே பேசிவிட்டது. "கம்ப்ரசருக்கு அடியில ரப்பர் தேஞ்சிருக்கும்மா. மாத்திடுங்க."

டாக்டரும் எழுந்து வந்து தொட்டார். "அப்பா, கூசுது! இதுக்கு எவ்ளோ போடுவீங்க?"

"ரெண்டு."

"இது ரெண்டா? அப்ப பத்துன்னா எது சார்?"

"பேரிங் ஒடைஞ்ச முப்பது எச்.பி. மோட்டாருங்க. கைய வெச்சா பல்லு ஆடும்."

"என் கொழம்புக்கே இருவத்திரெண்டு வருசமா நாலுதான் போடுறாரு டாக்டர்" என்றாள் மனைவி. "இவராண்ட போயி மார்க் கேட்டீங்களே!"

டாக்டர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. "மார்க்கே வேணாம். உக்காந்து கண்ண மூடுங்க. அதிர்வு நின்னதும் சொல்லுங்க, ஒடனே என் விரல்ல வெச்சுப் பாப்பேன். எனக்கு இன்னும் தெரிஞ்சா உங்க நரம்பு வீக்."

கட்டைவிரலில் வைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மெலிந்தது, நூலானது, நூலின் நிழலானது. "நின்னுடுச்சு." அவர் விரலுக்கு எதுவும் மிச்சமில்லை. அடுத்த காலிலும் அப்படியே.

கைக்கு நானே போட்டியை மாற்றினேன். "மொதல்ல நீங்க வெச்சுக்குங்க. உங்களுக்கு நின்னப்புறம் எனக்குக் குடுங்க."

அவருக்கு நின்றது. வாங்கி என் விரலில் வைத்தேன். "இருக்கு... இருக்கு... இன்னும் இருக்கும்மா... இப்பதான் போவுது."

டாக்டர் நம்பவில்லை. மறுபடி தட்டினார், தோற்றார். மூன்றாம் முறையும் தோற்றார்.

"போதும், எழுந்திரிங்க, பாவம் அவங்க" என்றாள் மனைவி.

நான் எழுந்திருக்கவில்லை. டாக்டர் முதலில் எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு, கை, கால் இரண்டுக்கும் 'நார்மல்' என்று எழுதினார்.

"கொஞ்சம் பெரிய எழுத்துல எழுதுங்கம்மா" என்றேன்.

எழுதினார்.