இது அவன் லெட்டர் இல்லை

வளைகுடாவில், ராஸ் அல் கைமா டைல்ஸ் கம்பெனி ஒன்றில் நான் ஆபீஸ் அசிஸ்டென்ட். பிரஸ் மெஷின் நின்றுபோன ஒரு மதியம், ஸ்பேர் பார்ட்டுக்காகக் காத்திருந்த இத்தாலி டெக்னீஷியன் சாண்ட்ரோ தன் பேராசிரியரைப் பற்றிச் சொன்னார். கேட்டு முடிப்பதற்குள் தோன்றிவிட்டது: இந்த வாழ்க்கையைத் தமிழில் எழுத வேண்டும்.

சாண்ட்ரோ சட்டம் படிக்கப் போய்ப் பாதியில் விட்டவர். அவருக்குக் குற்றவியல் சட்டம் நடத்தியவர் நாட்டின் பிரதமராகவும் இருந்தவர். பதவிக்கு வந்த பிறகும் வகுப்பை விடவில்லை. ஒருநாள் ஆயுதக் குழு ஒன்று காவலர்களைக் கொன்றுவிட்டு அவரைக் கடத்தியது. அடைத்து வைத்த இடத்திலிருந்து, தன்னை மீட்கச் சொல்லிக் கடிதம் கடிதமாக எழுதினார். அவருடைய கட்சித் தலைவர்களே அவை அவருடைய வார்த்தைகள் இல்லை என்றார்கள். கடைசியில் ஒரு காரின் பின்பக்கத்தில் உடல் கிடந்தது.

"அவர் பேசுறது எப்படின்னு எனக்குத் தெரியும். அது அவர் எழுதினதுதான். ஆனா நானும் வாயத் திறக்கல," என்றார் சாண்ட்ரோ.

அந்த வாரமே, சூளைப் பிரிவில் வேலை செய்யும் செல்வராசு அண்ணன் வந்தார். அரியலூர் பக்கத்துக்காரர்.

"தம்பி, எம் பொஞ்சாதிக்கு ரொம்ப முடியலப்பா. கண்ண மூடறதுக்குள்ள ஒரு தடவ மொகத்தப் பாத்துடணும். லீவு கேட்டு எழுதிக் குடு."

பேராசிரியர் நினைப்பிலேயே இருந்த நான், சட்டப் புத்தகம் மாதிரி இங்கிலீஷில் ஒரு முழுப் பக்கம் டைப் செய்தேன். பொஞ்சாதி அதில் 'ஃபேமிலி மெம்பர்' ஆகியிருந்தாள்.

சென்னைக்காரரான மேனேஜர் படித்துவிட்டுச் சிரித்தார். "இன்னாபா, செல்வராசு எப்ப வக்கீலானான்? எவனோ எழுதிக் குடுத்துக் கிளப்பி விடறான். ஃபேமிலி மெம்பராம்! மாமனா, மச்சானா? இது அவன் லெட்டர் இல்ல. லீவு மாஃபி, கிடையாது."

எதிரில்தான் நின்றேன். எழுதியது நான் என்று சொல்லவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம்.

நான்காம் நாள் அண்ணன் வந்தார். "காலைல போயிட்டாளாம் தம்பி. மொகத்தப் பாக்கணும்னு சொன்னேனே, அத எழுதுனியா?"

"எழுதலண்ணே."

திட்டியிருக்கலாம். "சரி" என்று மட்டும் சொன்னார். கருமாதிக்கு லீவு கிடைத்தது.

ஒருவர் வார்த்தையை அழகாக்குகிறேன் என்று அதிலிருந்து அவரையே வெளியே தள்ளிவிடலாம் என்பது இப்படித்தான் எனக்குத் தெரிந்தது. பேராசிரியரைப் பற்றி எழுதும்போது அவர் கடிதங்களிலிருந்துதான் தொடங்குவேன். அதற்கு முன் ஒரு வேலை. தொழிலாளர்கள் தங்கும் கேம்பில் மூன்று பேர் லெட்டர் கேட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை போகிறேன். அவர்கள் சொல்லச் சொல்ல அப்படியே தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, பக்கத்திலேயே எளிய இங்கிலீஷும் போடப் போகிறேன். கீழே, எழுதிக் கொடுத்தவன் என்று என் கையெழுத்தும் இருக்கும்.