லீவு கொடுக்காத கப்டன்

வெள்ளிக்கிழமை பின்னேரம் இன்டர்லாக்கனில் ரயில் ஏறிப் பாருங்கள். படைப்பயிற்சியில் இருக்கும் சுவிஸ் பொடியன்கள் தோளில் படைத்துவக்கும் கையில் அழுக்குடுப்புப் பையுமாக வீட்டுக்குப் போவார்கள். துவக்கை முழங்கால்களுக்கு நடுவில் செருகிவிட்டுப் பாண் சாப்பிடுவார்கள். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இத்தனை வருடமாகியும் நான் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன்.

போன கிழமை என்னோடு டெஸ்ஃபாய் வந்தார். நான் சமைக்கும் ஹோட்டலில் சட்டி கழுவுகிறார். எரித்திரியாவில் அவர் இராணுவக் கப்டன். அங்கே படைக்குப் போனவனுக்குத் திரும்பி வரும் நாள் இல்லை, கப்டனுக்கும் இல்லை. மேலதிகாரியின் வீட்டுக்குக் கல் சுமக்கத் தன் ஆட்களை அனுப்பியிருக்கிறார். மறுத்தால் சிறை. ஒருநாள் எல்லை தாண்டி நடந்துவிட்டார். அதற்காக மனைவியைப் பிடித்து உள்ளே போட்டு, இப்போதுதான் விட்டிருக்கிறார்கள். அவளை இங்கே கூப்பிட வேண்டுமென்றால் அவர் எரித்திரியப் பாஸ்போர்ட் எடுத்துக் காட்ட வேண்டுமாம். யாரிடமிருந்து தப்பினாரோ அவர்களிடமே போய்க் கைநீட்டச் சொல்கிறது இந்த ஒழுங்கான நாடு! அதைக் கதைக்கத்தான், "திங்கட்கிழமை என்னோட குடிவரவுக் கந்தோருக்கு வாறீங்களோ? உங்கட ஜெர்மன் நல்லம்" என்று கேட்டிருந்தார். ஓம் என்றிருந்தேன்.

எங்கள் தலைமைச் சமையற்காரருக்கு இதெல்லாம் விளங்காது. "இந்த வருசம் ஃபேரியனுக்கு எங்க போறாய்?" என்று டெஸ்ஃபாயிடம் விடுமுறையைப் பற்றிக் கேட்டார். "அனுமதி வரட்டும்" என்றார் டெஸ்ஃபாய், விறைப்பாக நின்றபடி. பகிடியென்று நினைத்து அவர் தோளில் தட்டிச் சிரித்தது அந்த மனுசன்.

ரயிலில் பொடியன்களையே பார்த்துக்கொண்டிருந்த டெஸ்ஃபாய் என் பக்கம் திரும்பினார்.

"ஒவ்வொரு கிழமையும் வீட்டுக்கு விடுறாங்களோ?"

"ஓம்."

"என்ர ஆக்களில ஒரு பொடியன், தாய்க்குச் சுகமில்லை எண்டு லீவு கேட்டவன். நான் குடுக்கேல்லை. ஓடினான். சுடச் சொன்னது நான்தான். மேலிடத்து உத்தரவு."

ஊரில் என் அண்ணையைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோன ஆமிக்காரரும் முகாம் வாசலில் அம்மாவுக்கு இதையேதான் சொன்னார்கள். மேலிடத்து உத்தரவு. அண்ணை வரவேயில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனிதனுக்காகவா நான் கந்தோரில் போய் வாதாட வேண்டும்? ஆனால் அவருடைய மனைவி யாரைச் சுட்டாள்?

ஸ்பீட்ஸ் ஸ்டேசனில் ஒரு பொடியன் இறங்கினான். காத்திருந்த தாய் அழுக்குடுப்புப் பையை வாங்கிக்கொண்டாள். டெஸ்ஃபாய் எழுந்து, யன்னல் கண்ணாடியோடு ஒட்டிநின்று பார்த்தார். வெறுமையாக இருந்த அவருடைய இருக்கையில் நான் என் பையைத் தூக்கி வைத்தேன்.

"திங்கட்கிழமை வருவீங்கள்தானே?" என்றார், திரும்பி.

"வாறன்."

பையை எடுக்கவில்லை. பேர்ண் வரும்வரை அவர் நின்றுகொண்டே வந்தார்.