கிளச்சுக்கு அடியில் கிடந்த கோணி

சுப்புராயன் மேஸ்திரியை விருத்தாசலத்தில் எல்லோரும் தங்கமான மனுஷன் என்பார்கள். இருக்கட்டும். ஆனால் என் வேலைக்கு உலை வைத்தவரும் அவர்தான்.

ஜங்ஷன் ரோட்டில் கீற்றுக் கொட்டகை போட்டு வண்டி பழுது பார்த்தார். திட்டக்குடியிலிருந்தும் சேத்தியாத்தோப்பிலிருந்தும்கூட வண்டிகள் வரும். செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் கிளச்சை ஒரு மிதி மிதிப்பார். பெடல் எவ்வளவு லொடலொடவென்று ஆடுகிறது, எந்த இடத்தில் பிடிக்கிறது, எல்லாம் அந்தக் காலுக்குத் தெரியும். அப்புறம் யார் பேசினாலும் காதில் வாங்க மாட்டார். அவ்வளவு கர்வம்!

அறுபத்தேழாம் வருஷத்து மழைக்காலம். நான் ஓட்டிய பீங்கான் கம்பெனி ஜீப், கியர் போடும்போதெல்லாம் கரகரவென்று கத்தியது. மேஸ்திரி ஏறி மிதித்துப் பார்த்தார், ஒரு சுற்று ஓட்டினார். இறங்கி மேனேஜரிடம் சொன்னார்: "கிளச்சு நல்லாத்தாங்க இருக்குது. தனக்கோடி அத முழுசா மிதிக்காம கியரப் போட்டுப் போட்டு பல்லத் தேச்சுட்டான். கியர் பொட்டிய எறக்கணும்."

பன்னிரண்டு வருஷம் ஸ்டீயரிங் பிடித்தவனுக்கு மிதிக்கத் தெரியாது என்றால் வயிறு எரியாதா? மறுநாளே என்னை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். "ரெண்டு பொம்பளப் புள்ளைங்கள வச்சிக்கிட்டு இனிமே என்னாங்க பண்றது?" என்று என் மனைவி வீராயி கேட்டாள். எனக்கு அழுகைதான் வந்தது.

பத்து நாள் கழித்து, பெட்டியை இறக்குவதற்காகப் புது டிரைவர் ஜீப்பைக் கொட்டகையில் கொண்டுபோய் விட்டான். நடந்ததை அவன்தான் என்னிடம் சொன்னான். தரைத் தகட்டைக் கழற்றுவதற்காக, வண்டிக்குள் பெடலுக்கடியில் விரித்திருந்த கோணியை மேஸ்திரி தூக்கியிருக்கிறார். அடியில் களிமண்! கம்பெனிக்கு மண் எடுக்கும் குழியிலிருந்து என் காலோடு வந்த வெள்ளைக் களிமண், என்ஜின் சூட்டில் ஓடு மாதிரி இறுகிக் கிடந்திருக்கிறது. பெடல் அதில் முட்டி நின்றதால் கிளச்சு முழுசாக விடவில்லை. சுரண்டி எடுத்துவிட்டு மிதித்தபோது மூன்று விரற்கடை கூடுதலாக இறங்கியதாம். கியர் சத்தமே இல்லாமல் விழுந்ததாம்.

மேஸ்திரி கையைக்கூடக் கழுவாமல் நேரே கம்பெனி மேனேஜரிடம் போயிருக்கிறார். "தனக்கோடி மேல தப்பில்லீங்க. பெடலுக்கடியில மண்ணு அடைச்சிருந்துச்சு. நான்தான் சரியாப் பாக்காம அவசரப்பட்டுப் பேசிட்டேன்." கோணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திரும்ப வேலைக்கு வரச் சொல்லி சாயங்காலமே எனக்கு ஆள் வந்தது.

மறுநாள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் கொட்டகைக்குப் போனேன். என்னைக் கண்டதும் அவர் உள்ளே போய், துவைத்து மடித்து வைத்திருந்த அந்தக் கோணியை எடுத்து வந்து நீட்டினார்.

"இந்தாப்பா, ஒன் கோணி. இனிமே மண்ணக் கழுவிட்டு விரி."

வண்டியில் மண்ணைக் கண்டால் மேனேஜர் கத்துவார். கழுவச் சோம்பல்பட்டு, அதன் மேலேயே கோணியை விரித்து மறைத்தவன் நான். கோணியை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

அதன் பிறகு எந்த வண்டியில் ஏறினாலும் மேஸ்திரி முதலில் விரிப்பைத் தூக்கிப் பார்ப்பார். தன் தப்பை நாலு பேர் எதிரில் அவரே சொல்லியும் காட்டுவார். நான் இன்னும் ஒன்பது வருஷம் அதே ஜீப்பை ஓட்டினேன். கோணி விஷயத்தை மேனேஜரிடம் கடைசிவரை சொல்லவில்லை.